மத்தியானச் சத்தம்

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிலர் செடி வளர்ப்பார்கள். சிலர் தெருவில் போகிறவனை நிறுத்தி வைத்து நாட்டு நடப்பு பேசுவார்கள். சிலர் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களை இடம் மாற்றிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நம் மெஷின்காரர் இதையெல்லாம் செய்து பார்த்து, எல்லாவற்றிலும் பேரைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார்.

மெஷின்காரர் என்பது அச்சகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பத்திரிகை அடிக்கிற பெரிய மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. ஊர் தூங்கும்போது அவருக்கு வேலை, ஊர் நடமாடும்போது அவருக்குத் தூக்கம். அப்படியே தலை நரைத்துப் போயிற்று. மெஷினை விட்டு வந்த பிறகும் தெருவில் அந்தப் பெயரை யாரும் விடவில்லை. மனைவி மட்டும் 'என்னங்க' என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் கொஞ்சவும் செய்வாள், கழுவி ஊற்றவும் செய்வாள்.

ஆம்ப்ளிபயர் மகளுக்காக. ஒரே மகள். முப்பதைத் தாண்டிவிட்டாள், அலுவலகத்தில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிறாள், ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். பாப்பா மின்சாரக் கிட்டார் வாசிப்பாள். அந்தக் கிட்டாருக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. கம்பியைத் தட்டினால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்று வேண்டும், அதன் வழியாகத்தான் பேச வேண்டும். பெட்டி எப்படியோ பேச்சும் அப்படி.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பாப்பா வீட்டுக்கு வருவாள். பழம் வாங்கி வருவாள். அம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பாள், அப்பாவின் ரத்த அழுத்தத்தை விசாரிப்பாள், டீ குடித்துவிட்டுப் புறப்படுவாள். விருந்தாளிகூட இன்னும் கொஞ்சம் உரிமையோடு உட்காருவான். அவள் வரும்போதெல்லாம் மெஷின்காரர் அவளுடைய தோளைப் பார்ப்பார். கைப்பை இருக்கும், கிட்டார் இருக்காது. இந்த வீட்டுக்குள் அவள் கிட்டாரைக் கொண்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

பாப்பா படிக்கிற காலத்தில் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். மத்தியானம்தான் மெஷின்காரருக்கு நடுநிசி. கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு வாசி என்பது வீட்டுச் சட்டம். சாத்தினால் மட்டும் போதாது என்று அம்மா ஒரு பழைய கம்பளியைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் காலால் தள்ளி வைப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. கடைசி வருஷத்தில் ஒரு நாள், முந்தின ராத்திரி முழுக்க மெஷினில் காகிதம் கிழிந்து கிழிந்து உயிரை வாங்கியிருந்தது. மனிதர் வந்து படுத்தார். உள்ளே பாப்பா வாசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஒரு குழுவில் சேருவதற்கு அவள் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்து போய் மீட்டர் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். சத்தம் பாதியில் அறுந்தது. பாப்பா வெளியே வந்தாள், பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அறைக்குத் திரும்பிப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிட்டாரைத் தோழி வீட்டில் கொண்டு போய் வைத்தாள். பிறகு வேலை கிடைத்தது, தனி ஜாகை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் கதை.

அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்த நாளிலிருந்துதான் தூக்கம் போனது. மத்தியானம் ஆனால் வீடு வெறிச்சென்று கிடக்கும். கட்டிலில் புரளுவார். காது தானாக அந்தக் கதவுப் பக்கம் போகும். பாப்பா ஒரு பாடத்தைத் தினமும் வாசிப்பாள். ஏறி ஏறிப் போய் ஒரு இடத்தில் விரல் இடறும், நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்த இடறலைக் கேட்ட பிறகுதான் அவருக்குக் கண் சொருகும். இப்போது இடறவும் ஆள் இல்லை. வயசானால் அப்படித்தான் என்று மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். அவரும் ஆமாம் போட்டார். உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற வேலை அவர் கற்றுக்கொள்ளாத வேலை. பெட்டி செய்கிற வேலை கொஞ்சம் தெரியும்.

நல்ல சமயமாக ஒரு ஞாயிறு பாப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன அரங்கத்தில் அவள் வாசிக்கப் போகிறாளாம், மேடையில் அவள் ஒருத்திதானாம், அவளுடைய பெட்டி புகைந்து போய்விட்டதாம். மெஷின்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, நான் ஒண்ணு செஞ்சுட்டிருக்கேன், வந்து பாத்துட்டுப் பிடிச்சா எடுத்துட்டுப் போ என்றார். பாப்பா டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வருவதாகச் சொன்னாள். அம்மா அடுப்படிக்குள் போய் மூக்கை உறிஞ்சியது கூடம் வரை கேட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் பாப்பாவின் கையில் போக வேண்டும்.

பெட்டிக்கு உடலையும் உள்ளுறுப்பையும் சேர்ப்பதில் கஷ்டம் இல்லை. கடைத்தெருவில் ரேடியோக்காரர் என்று ஒரு சிநேகிதர், காலம்காலமாகப் பழைய ரேடியோக்களை உயிர்ப்பிக்கிறவர். அவரிடமிருந்து பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகளும் டிரான்ஸ்பார்மரும் கிடைத்தன. பழைய பீரோப் பலகையை அறுத்துப் பெட்டி ஆக்கினார். சாலிடர் புகையில் வீடே நாறியது. பெட்டி உயிரோடு இருக்கும்போது உள்ளே தொட வேண்டி வந்தால் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் தொடுவார். உள்ளே ஓடுகிற மின்சாரம் ஆளைக் கொல்லக் கூடியது. இரண்டு கையாலும் தொட்டால் நெஞ்சு வழியாகப் பாயும். மனைவிக்கு அது புரியாது. பொண்ணு பார்க்க வந்த நாளில்கூட நீங்கள் இவ்வளவு மிடுக்காக நின்றதில்லை என்பாள்.

கஷ்டம் டோனில், அதாவது சத்தத்தின் குணத்தில் இருந்தது. முதல் நாள் வால்வுகள் சூடாகி, ரேடியோக்காரரிடம் இரவல் வாங்கிய பழைய கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டியதும் சத்தம் பளிச்சென்று, கண்ணாடி மாதிரி வந்தது. கேட்டவன் எவனும் சபாஷ் என்றிருப்பான். மெஷின்காரர் முகத்தைச் சுளித்தார். இது பாப்பாவின் சத்தம் இல்லை. பாப்பாவின் சத்தம் இப்படிக் கத்தாது. அது கனமானது, மெத்தென்று இருக்கும், தரை வழியாக வந்து கட்டில் காலைத் தொடும். வருஷக்கணக்கில் கேட்டவருக்குத் தெரியாதா?

எனவே கூர்மையைக் குறைக்க வேண்டும். மேல் சத்தத்தை மட்டும் பிரித்து எர்த்தில் வடித்துவிட ஒரு கண்டென்சரைப் போட்டார். கொஞ்சம் அடங்கியது. போதவில்லை. இன்னும் பெரியதாகப் போட்டார். அதுவும் போதவில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் மெல்லிய துணி கட்டுவதுதான் வழக்கம். இவர் தடித்த திரைச்சீலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டினார். தான் தட்டிக்கொண்டே தான் கேட்பது சரிப்படாது என்று மனைவியைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். அவள் கரண்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் கம்பியை இழுத்துவிட்டுப் போவாள். அடுப்பில் என்ன தீய்ந்தாலும் அந்த வாரங்களில் கிட்டார்தான் குற்றவாளி.

ஒரு நாள் புதிதாகப் பற்றவைத்த கண்டென்சர் ஆறுவதற்குள் மனைவியைத் தட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மத்தியானங்கள் அப்படியே எழுந்து வந்து எதிரே நின்றன. மனைவியின் கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

"பாப்பா வாசிக்கற மாதிரியே இருக்குங்க," என்றாள்.

இரண்டு சாட்சி ஆயிற்று. அவர் கண்டென்சரின் காலில் நீட்டிக்கொண்டிருந்த மிச்சக் கம்பியை நறுக்கிச் சுத்தமாக முடித்தார்.

மூன்றாவது சாட்சிதான் வம்பு செய்தது. ரேடியோக்காரர் ஒரு சாயங்காலம் வந்து கேட்டார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பெட்டி வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறதே என்றார். இத்தனை பெரிய கண்டென்சரை அந்த இடத்தில் எந்த மடையனும் போட மாட்டான் என்றும் சொன்னார். சிநேகிதர் என்பதால் மடையன் என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். மெஷின்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. பாப்பா வாசித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, கேட்டவனிடம் வந்து பேசுகிறீர்களே என்று பிடித்துக்கொண்டார். ரேடியோக்காரரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. மெஷின் பக்கத்தில் நின்று நின்று உங்களுக்குக் காது போய்விட்டது, முதலில் அதைப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவர் ரோஷக்காரர், ஆனாலும் மெஷின் ஓட்டியவர். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்தாக வேண்டும். காது டாக்டரிடம் போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். அச்சகத்தில் இருந்தவருக்கு இப்படி ஒரு காதா என்று டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். விஷயத்தைக் கேட்டு மனைவி சிரித்தாள்.

"உங்களுக்கா காது கேக்காது? நான் மனசுக்குள்ள திட்டினாலே திரும்பிப் பாக்கறீங்க."

ஆக, காதில் குறை இல்லை, பெட்டியில் குறை இல்லை, ரேடியோக்காரரின் புத்தியில்தான் குறை என்று தீர்ப்பாயிற்று.

சொன்னபடி பாப்பா வந்தாள். தோளில் கிட்டார் இருந்தது. வாசலில் அதைப் பார்த்ததும் மெஷின்காரர் வா என்றுகூடச் சொல்லாமல் பின்னாலேயே போனார். பாப்பாவின் பழைய அறையில், துடைத்த ஸ்டூல் மேல் பெட்டி உட்கார்ந்திருந்தது. அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள். பீரோவா என்று கேட்டுச் சிரித்தாள். ஒயரைச் சொருகி, வால்வுகள் சிவப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் கதவருகில் நின்றார், மனைவி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

பாப்பா வாசித்தாள். கொஞ்ச நேரம் வாசித்தாள். குமிழ்களைத் திருப்பினாள். மேல் சத்தத்துக்கு உரிய குமிழைக் கடைசி வரை திருப்பி, அதற்கு மேல் போகுமா என்று இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு கம்பிகள் மேல் கையை வைத்து அடக்கினாள்.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

அக்கம்பக்கத்துக் குழந்தை படம் வரைந்து காட்டினால் ஒரு குரலில் நன்றாக இருக்கிறது என்போமே, அந்தக் குரல். அவள் மேலும் பதமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இத்தனை வேலை செய்திருக்கிறீர்கள், மேடையில் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார்கள், இது இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வேறு ஒன்று வாடகைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வரும்போது இங்கே வாசிக்கிறேன் என்றும் சொன்னாள். வர மாட்டாள், வாசிக்கவும் மாட்டாள் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

"என்ன குறைன்னு சொல்லு," என்றார். குரல் தடித்துவிட்டது.

"குறைன்னு இல்லப்பா. மூடின மாதிரி இருக்கு. மேல் சத்தமே வெளிய வரல. இதுல வாசிச்சா நான் வாசிக்கற மாதிரியே இல்ல."

வந்ததே கோபம். ரேடியோக்காரர் சொன்னால் பொறாமை என்று தள்ளலாம். சொந்த மகளே தன்னுடைய சத்தம் இல்லை என்றால் என்ன செய்வது?

"இதுதான் உன் சத்தம். எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா கேட்டிருக்கேன். நம்பிக்கை இல்லன்னா உங்கம்மாவக் கேளு."

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இதே மாதிரிதான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீ சின்ன வயதில் வாசிப்பதுதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தேடுகிற முகம்.

"நீங்க எப்போ கேட்டீங்க?" என்றாள். "நான் வாசிக்கறப்ப ஒரு தடவகூட நீங்க இந்த ரூமுக்குள்ள வந்தது இல்லையேப்பா."

"உங்கம்மா வருவாளே. டீ கொண்டு வருவா."

"தட்டுவா. நான் நிறுத்திட்டுத்தான் திறப்பேன்."

மெஷின்காரர் நின்றுகொண்டிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். தடித்த பழைய மரக்கதவு, பல கோட் வண்ணம் பூசிப் பூசி இன்னும் தடித்தது. பெற்ற மகள் வாசித்ததை அதன் உள்பக்கம் நின்று இதற்கு முன் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய விஷயம்! ஆனால் அது இத்தனை நாள் அவர் மண்டையில் ஏறவில்லை, மனைவி மண்டையிலும் ஏறவில்லை. இரண்டு பேருமே வெளியில் இருந்தவர்கள்.

அவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பின்பக்கத்தைத் திறந்தார். ஒயரைப் பிடுங்கிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. உள்ளே தேங்கி நிற்கும், வெகு நேரம் நிற்கும், அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வடியும் வரை உட்கார்ந்திருந்தார். பாப்பாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு அந்தப் பெரிய கண்டென்சரின் ஒரு காலை வெட்டி இணைப்பை அறுத்துவிட்டார். முன்னால் கட்டிய திரைத்துணியையும் அவிழ்த்துப் போட்டார்.

"நான் கூடத்துல இருக்கேன். கதவச் சாத்திட்டு வாசி," என்றார்.

பாப்பாவின் முகம் சட்டென்று சுருங்கியது. பழைய உத்தரவு அல்லவா! அவர் அதைக் கவனித்தார்.

"ஒரு சோதனைக்கும்மா," என்று சேர்த்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவ."

கட்டிலில் போய்ப் படுத்தார். தலையணையை அதே பக்கம் போட்டுக்கொண்டார். மனைவியிடம் கம்பளி என்று மட்டும் சொன்னார். அவள் அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததை எடுத்துச் சுருட்டி, கதவுக்கு அடியில் காலால் தள்ளினாள். அவளுடைய காலுக்கு அந்த வேலை மறக்கவே இல்லை.

உள்ளே வால்வுகள் சூடாகியிருக்க வேண்டும். வாசிப்பு தொடங்கியது.

அதே சத்தம். கனமாக, மெத்தென்று, தரை வழியாக வந்து கட்டில் காலைத் தொட்டது. வாரக்கணக்காக எந்தக் கண்டென்சரைப் போட்டு அவர் தேடினாரோ, அது. கண்டென்சரும் இல்லை, துணியும் இல்லை, இருந்தும் அதே சத்தம். கதவும் கம்பளியும் சேர்ந்து செய்கிற காரியத்தைத்தான் அவர் அத்தனை பாடுபட்டுப் பெட்டிக்குள் செய்து வைத்திருந்தார். மகளுக்கு ஆசை ஆசையாக ஒன்று செய்யப் போய், அவளைச் சாத்தி வைத்த கதவையே செய்து கொடுத்திருக்கிறார்.

பாப்பா என்ன நினைத்தாளோ, அந்தப் பழைய பாடத்தையே எடுத்தாள். சத்தம் ஏறி ஏறிப் போனது. அவருடைய காதுக்கு இடம் தெரியும். இதோ வரும், இதோ இடறும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த இடம் வந்தது. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இடறவே இல்லை. பாடம் மேலே மேலே போய், அவர் ஒரு நாளும் கேட்டிராத பகுதிக்குள் நுழைந்தது.

எப்போது தாண்டினாள்? எந்த அறையில், யார் எதிரில் தாண்டினாள்? முதல் தடவை இடறாமல் போனபோது சந்தோஷத்தில் யாரைக் கூப்பிட்டிருப்பாள்? மெஷின்காரர் குப்புறப் புரண்டார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். மனைவி பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவர் எழுந்தார். குனிந்து கம்பளியைக் கையால் எடுத்துக் கட்டில் மேல் போட்டார். கதவைத் தட்டவில்லை. தட்டினால் நிறுத்திவிடுவாள் என்று இப்போது தெரியுமே. மெதுவாகத் திறந்தார். இருந்தும் பாப்பா பழக்க தோஷத்தில் நிறுத்திவிட்டாள்.

"நீ நிறுத்தின நாள்ல இருந்து எனக்குப் பகல்ல தூக்கமே வரலம்மா," என்றார் வாசலில் நின்றபடி. "உன் சத்தம் கேக்காம தூங்க முடியல. அத உன்கிட்ட சொல்லவும் தெரியல. அன்னிக்கு அந்தப் பியூஸப் புடுங்கினேனே, அது தப்பு."

பாப்பா குனிந்து கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"தலகாணிக்கு அடியில வச்சீங்க," என்றாள். "நான் பாத்துட்டேன். நீங்க தூங்கற மாதிரி நடிச்சதும் தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்துப் போடல?"

"நீங்களா எழுந்து எடுத்துக் குடுப்பீங்கன்னு நின்னேன்ப்பா. கொஞ்ச நேரம் நின்னேன்."

அவர் உள்ளே வந்தார். மூட்டு கடகடவென்று சத்தம் போட, பெட்டிக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவியும் துடைக்கிற துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அறையில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கால் நீட்ட இடம் இல்லை.

பாப்பா குமிழைத் தொட்டாள். தயங்கினாள்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கும்ப்பா."

"இருக்கட்டும்."

வாசித்தாள். மூடி போட்டிருந்த ஒரு பாத்திரத்தைத் திறந்ததுபோல் அறை நிறைந்தது. மெஷின்காரருக்கு நெற்றி சுருங்கியது. கண்ணாடிபோல் பளிச்சென்று, முதல் நாள் அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சத்தம். அதில் அவர் இதுவரை கேட்காதவை எல்லாம் இருந்தன. கம்பியில் விரல் சறுக்குகிற கிறீச் ஒலி இருந்தது. கடினமான இடத்துக்கு முன்னால் பாப்பா மூச்சை இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. அவளுடைய கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டது. சின்ன வயதிலும் போட்டிருப்பாளோ என்னவோ. மனைவி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்துக்கொண்டே பாப்பா, நாளைக்கு இந்தப் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றாள். நீங்களும் வர வேண்டும், நடுவில் வால்வு மக்கர் செய்தால் யார் பார்ப்பது, மேடைக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள் என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த இடறுகிற இடம் மறுபடி வந்தது. மறுபடி தாண்டியது. இந்தத் தடவை எப்படித் தாண்டுகிறாள் என்று அவர் கண்ணால் பார்த்தார். சுண்டுவிரலை எட்டிப் போட்டு, மற்ற விரல்களை அதன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பாப்பா நிமிர்ந்து அவருடைய சுருங்கிய நெற்றியைப் பார்த்தாள்.

"எப்படிப்பா இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

"காதக் குத்துது," என்றார் மெஷின்காரர். "நிறுத்தாத."